தனித்து ஆடுவோரும் விமரிசன மதிப்பெண்ணும்

ஆண்டு மலரில் வீடியோ விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். படிக்கும் பிள்ளைகளுக்கு இது தேவைதானா என்று அருட்சகோதரியர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும் கோடை விடுமுறையில் நம் வீடுகளில் பிள்ளைகளின் கையில் இருப்பது என்ன என்பது ஊரறிந்த செய்தி. ஆடலாமா, ஆடக்கூடாதா என்னும் பட்டிமன்றத்தை நாம் இங்கே கூட்டப்போவதில்லை. வாங்கித் தருவது என்று முடிவாகிவிட்ட வீட்டில் எதைப் பார்த்து வாங்குகிறார்கள்? விமரிசனத்தைப் பார்த்து. அதிலும், விமரிசனத்தைக்கூட முழுதும் படிக்காமல், அதன் அடியில் போட்டிருக்கும் மதிப்பெண்ணைப் பார்த்து. அந்த மதிப்பெண் தனியே உட்கார்ந்து ஆடும் ஒருத்திக்குப் பல சமயங்களில் பொருந்துவதில்லை. அது ஏன் என்று காண்போம்.

தனியே ஆடுவோர் என்றதும் உலகத்தோடு ஒட்டாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். உடன்பிறப்பு இல்லாத பிள்ளை தனியாகத்தான் ஆடுகிறாள். அக்காள் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டால் தங்கை தனியாகத்தான் ஆடுகிறாள். வீட்டுப்பாடம் முடித்து இரவு எட்டரை மணிக்கு அரைமணி நேரம் கிடைத்தால், அதே அரைமணி நேரம் தோழிக்கும் கிடைக்கும் என்பது என்ன நிச்சயம்? முன்பின் அறியாதவர்களோடு இண்டர்நெட் வழியாக ஆடக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கும் வீடுகளும் உண்டு. அந்தக் கண்டிப்பு சரியானதே என்பது எங்கள் கருத்து.

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். மகளின் பிறந்த நாளுக்கு என்ன வாங்கலாம் என்று நாள் கணக்கில் விமரிசனங்களைப் படித்து, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய ஒரு விளையாட்டைத் தேர்ந்து அனுப்பிவைத்தார். நம் கணக்கில் ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய். அவளோ வீட்டுக்கு ஒரே பிள்ளை. நான்கு பேர் கூடி ஆடினால் வீடே அதிரக்கூடிய அந்த ஆட்டம், ஒருத்தி ஆடும்போது பள்ளி விட்ட பிறகு வகுப்பறையில் தனியே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்ததாம். இரண்டு வாரத்தில் அது அலமாரிக்குப் போய்விட்டது. தந்தை தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "எப்படிம்மா இருக்கு?" என்பார். "நல்லா இருக்குப்பா" என்பாள். அவர் செலவழித்த பணத்தையும் நேரத்தையும் எண்ணி வேறு சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இங்கே விமரிசகர் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஆடிய ஆட்டம் வேறு, அவள் ஆடிய ஆட்டம் வேறு.

இந்த மதிப்பெண்கள் எப்படி உண்டாகின்றன? விளையாட்டுப் பத்திரிகைகள் ஒவ்வொன்றும் தத்தம் முறையில் மதிப்பெண் போடுகின்றன. சிலர் பத்துக்கு, சிலர் நூற்றுக்கு, சிலர் ஐந்து நட்சத்திரத்துக்கு. 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் என்னும் அமைப்பு இவற்றையெல்லாம் திரட்டி, நூற்றுக்கு இத்தனை என்று ஒரே எண்ணாகச் சுருக்கித் தருகிறது. வாங்குவோர் மட்டுமன்றி விற்போரும் அந்த எண்ணையே பார்த்து நடக்கின்றனர். 2010-இல் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' என்ற விளையாட்டைச் செய்து கொடுத்த அப்சிடியன் நிறுவனத்துக்கு, அது 85 வாங்கினால் கூடுதல் தொகை உண்டு என்று ஒப்பந்தம். அது வாங்கியதோ 84. ஒரு மார்க்கில் போயிற்று! பரீட்சை எழுதுகிற நமக்கு அந்த வேதனை நன்றாகவே விளங்கும்.

மார்க் என்றதும் நம் மார்க் ஷீட்டையே எடுத்துக்கொள்வோமே. ஒரு மாணவி தமிழில் 98, கணக்கில் 52. கூட்டிப் பார்த்தால் சராசரி 75. கணக்கு ட்யூஷன் எடுக்க ஆள் தேடுகிறவருக்கு அந்த 75-ஆல் என்ன பயன்? அவருக்குத் தமிழ் மார்க்கே வேண்டாம். கணக்கு மார்க் ஒன்றுதான் வேண்டும். ஆனால் நம் மார்க் ஷீட்டில் பாடவாரியாகவும் மார்க் இருக்கிறது. விளையாட்டு விமரிசனத்தில் பெரும்பாலும் அது இல்லை. தனியாட்டமும் கூட்டாட்டமும் ஒரே வட்டில் வருகின்றன. மார்க் மட்டும் மொத்தமாக வருகிறது. 2011-இல் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 3' இதற்கு நல்ல சான்று. (போர் விளையாட்டுகள் நமக்கு உகந்தவையா என்பது வேறு கேள்வி. அது பெரியவர்களுக்கானது.) பலர் கூடிப் பொருதும் பகுதியை விமரிசகர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். ஒருவர் தனியே ஆடும் கதைப் பகுதியைப் பற்றி, போட்ட தண்டவாளத்தில் போகிற ரயில்போல் இருக்கிறது, புதுமை இல்லை என்று அவர்களில் பலரே எழுதினார்கள். ஆனால் மொத்த மதிப்பெண் உயரத்தில் நின்றது. கட்டுரையின் நடுப்பகுதியைப் படித்தவர்கள் தப்பித்தார்கள். எண்ணை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

ஒருவர் ஆடுவதும் இருவர் ஆடுவதும் ஒரே ஆட்டமாகா என்பது தொடக்கத்திலிருந்தே தெரிந்த விஷயம். 1972-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்' என்ற ஆட்டத்தில் திரையின் இரு புறமும் இரண்டு மட்டைகள், நடுவே ஒரு பந்து. இரண்டு பேர் இருந்தால்தான் ஆட முடியும். தனியே வருகிறவருக்கும் ஒரு பாங் வேண்டும் என்று எண்ணியவர்கள், எதிராளி இருந்த இடத்தில் செங்கல் சுவர் ஒன்றை வைத்தார்கள். பந்தை அடித்து அடித்துச் சுவரை உடைக்க வேண்டும். அதுவே 1976-இல் வந்த 'பிரேக்அவுட்'. பின்னர் ஆப்பிள் நிறுவனத்தால் புகழ் பெற்ற ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும் அதற்கு முன்மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தவர்கள். எதிராளியை எடுத்துவிட்டு அதே ஆட்டத்தை ஆடு என்று அவர்கள் சொல்லவில்லை. புதிய ஆட்டமே செய்தார்கள். புதிய பெயரும் வைத்தார்கள்.

நம் பாட்டிமார்களும் அப்படித்தான். பல்லாங்குழி இருவர் ஆடுவது. அதே பலகையில் ஒருத்தியே ஆடும் முறைக்குச் சீதைப் பாண்டி என்று தனிப்பெயர் உண்டு. அசோகவனத்தில் தனித்திருந்த சீதை ஆடியது என்று சொல்வர். பலகையும் அதுவே, சோழியும் அதுவே. ஆயினும் ஆட்டம் வேறு. சீதைப் பாண்டி எப்படி இருக்கும் என்று கேட்டவளிடம், "பல்லாங்குழி பிரமாதம், நூற்றுக்குத் தொண்ணூறு" என்று எந்தப் பாட்டியும் சொல்லியிருக்க மாட்டார்.

இனி, விமரிசகர் எந்த நிலையில் உட்கார்ந்து ஆடுகிறார் என்று பார்க்க வேண்டும். இதற்கு 2013-ஆம் ஆண்டின் 'சிம்சிட்டி' கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

சிம்சிட்டி பழைய ஆட்டம். அமெரிக்கரான வில் ரைட் உருவாக்கியது. 1989-இல் முதலில் வெளிவந்தது. காலி நிலத்தில் சாலை போட்டு, மின்சாரம் கொடுத்து, வீடும் கடையும் தொழிற்சாலையும் வர இடம் ஒதுக்கி, வரி விதித்து ஒரு நகரத்தை வளர்க்க வேண்டும். எதிரி கிடையாது. வெற்றி, தோல்வி என்று பெரிதாக எதுவும் கிடையாது. மழைக்காலத்து மாலையில் ஒருவர் தனியாக உட்கார்ந்து மணிக்கணக்கில் ஆட அதைவிடப் பொருத்தமான ஆட்டம் அரிது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படித்தான் ஆடிவந்தார்கள்.

2013 மார்ச் மாதம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட புதிய சிம்சிட்டியில் ஒரு மாற்றம். ஆடுகிறவர் ஒருவரே ஆனாலும், அவருடைய கம்ப்யூட்டர் எந்நேரமும் இண்டர்நெட் வழியாக நிறுவனத்தின் சர்வரோடு, அதாவது மையக் கம்ப்யூட்டரோடு, இணைந்தே இருக்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் பல நகரங்கள் இருக்கும். பக்கத்து நகரம் பக்கத்து ஆளுடையது. உன் நகரத்தில் மின்சாரம் மிஞ்சினால் அவருக்கு விற்கலாம்; உன் ஊரில் தீயணைப்பு வண்டி போதாவிட்டால் அவருடையது வரும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்து ஆள் என்று ஒருவர் இருந்தால்!

ஆட்டம் கடைக்கு வருவதற்கு முன்பே விமரிசகர்களுக்குக் கொடுக்கப்பட்டது. இது இத்தொழிலில் வழக்கம். இன்ன நாள், இன்ன மணிக்கு முன் எழுதக்கூடாது என்ற நிபந்தனையும் உடன் வரும். அந்த நாட்களில் சர்வரில் கூட்டம் இல்லை. ஒரு சில விமரிசகர்கள்தாம் இருந்தார்கள். எல்லாம் தடையின்றி ஓடியது. பக்கத்து நகரத்துக்குச் சக விமரிசகரே இருந்திருப்பார். 'பாலிகன்' என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பத்திரிகை பத்துக்கு 9.5 கொடுத்தது. ஆட்டம் வெளியான அன்று என்ன ஆயிற்று? பணம் கொடுத்து வாங்கியவர்கள் உள்ளே நுழையவே வரிசையில் காத்திருந்தார்கள். நுழைந்தவர்களும் நடுவில் துண்டிக்கப்பட்டார்கள். கட்டிய நகரத்தை இழந்தவர்களும் உண்டு. சர்வரின் சுமையைக் குறைப்பதற்காக நிறுவனமே ஆட்டத்தின் சில வசதிகளை நிறுத்தி வைத்தது. அமேசான் கடை சில காலம் அதன் விற்பனையை நிறுத்தியது. பாலிகன் தன் மதிப்பெண்ணை 8-ஆகக் குறைத்தது. பிறகு 4-ஆகக் குறைத்தது. நிலைமை சீரானபின் 6.5 ஆக்கியது. ஒரே ஆட்டத்துக்கு ஒரே பத்திரிகை நான்கு மதிப்பெண்!

வேளாங்கண்ணிப் பெருவிழாவுக்கு இரண்டு மாதம் முந்திப் போய்வந்த ஒருவர், "ரயிலில் உட்காரத் தாராளமாய் இடம் இருக்கிறது, தங்கவும் அறை கிடைக்கிறது" என்று எழுதினால், அவர் எழுதியது பொய்யன்று. செப்டம்பர் 7-ஆம் தேதி குடும்பத்தோடு போய் இறங்குகிறவருக்குத்தான் அதனால் பயனில்லை.

சிம்சிட்டி விஷயத்தில் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் தனியாட்டக்காரர்களே. கூடி ஆட விரும்பியவர்களுக்குச் சர்வர் தேவை. அது இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை என்பது புரிந்துகொள்ளக்கூடியது. யாரோடும் சேராமல் தன் பாட்டுக்குத் தெருப் போட்டுக்கொண்டிருக்க விரும்பியவர் ஏன் வரிசையில் நிற்க வேண்டும்? இண்டர்நெட் இல்லாமலும் தனியே ஆடலாம் என்ற ஏற்பாடு ஓர் ஆண்டு கழித்து, 2014 மார்ச்சில்தான் வந்தது. முதல் நாள் விமரிசனங்களில் "எந்நேரமும் இணைப்புத் தேவை" என்ற வரி இருக்கத்தான் செய்தது. விமரிசகருக்கு அது உறுத்தவில்லை, அவ்வளவுதான். அலுவலகத்தில் வேகமான இணைப்பு உள்ளவருக்கு ஒரு வரியாகத் தெரிவது, மின்சாரம் போனால் இணைப்பும் போய்விடும் வீட்டில் முழு ஆட்டத்தையுமே முடக்கிவிடும்.

இப்படி ஏமாற்றம் எப்போதும் ஒரே திசையில்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். நல்ல ஆட்டத்தை வாங்காமல் விட்டுவிடுவதும் ஏமாற்றமே. நிண்டெண்டோ நிறுவனத்தின் 'அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைஸன்ஸ்' 2020 மார்ச் 20-ஆம் தேதி வெளிவந்தது. கொரோனாவுக்காக உலகமே கதவைச் சாத்திக்கொண்ட நேரம் அது. ஆளில்லாத் தீவு ஒன்றில் குடியேறி, மீன் பிடித்து, பழம் பறித்து, பூச்செடி வைத்து, மெல்ல மெல்ல ஊராக்குவது ஆட்டம். வீட்டுக் கடிகாரத்தோடு ஒட்டி நடக்கும். இங்கே இரவென்றால் அங்கும் இரவு. இன்று கட்டச் சொன்ன பாலம் நாளைக்குத்தான் முடியும். விமரிசகர்கள் உயர்ந்த மதிப்பெண் கொடுத்தார்கள். ஆனால் மெட்டாகிரிட்டிக்கில் பொதுமக்கள் போடும் மதிப்பெண் அடியோடு சரிந்தது. காரணம் என்ன? ஒரு கருவிக்கு ஒரு தீவுதான். அண்ணன் முதலில் தொடங்கிவிட்டால் தங்கைக்குத் தனித்தீவு கிடையாது. ஊர்க் காரியங்களை முன்னே நடத்திச் செல்லும் உரிமையும் அண்ணனுக்கே. ஒரு கருவியை நாலு பேர் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகளில் இது சண்டையையே மூட்டியிருக்கும். அவர்கள் கோபித்ததில் தவறில்லை. ஆனால் தனியாக ஆடுகிறவளுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. தீவும் அவளுடையது, உரிமையும் அவளுடையது. அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து விலகிப் போயிருந்தால் அவளுக்கே நஷ்டம்.

இந்த ஆட்டம் இன்னொன்றையும் காட்டுகிறது. நாளுக்கு அரைமணியாக மாதக்கணக்கில் ஆட வேண்டியதை விமரிசகர் கெடு தேதிக்குள் முடிக்க வேண்டியிருக்கிறது. திருக்குறளை ஒரே இரவில் 1,330-ஐயும் படித்து முடித்தவர், "சொன்னதையே சொல்கிறார்" என்று சொல்லக்கூடும். பெரிய ஆட்டங்களைப் பற்றி "அலுப்புத் தட்டுகிறது" என்று எழுதப்படுவதில் எவ்வளவு ஆட்டத்தின் குற்றம், எவ்வளவு அவசரத்தின் குற்றம் என்று நாம்தான் கழித்துப் பார்க்க வேண்டும்.

சமையலறை ஆட்டம் ஒன்று உண்டு. நம்மில் பலர் பார்த்திருப்போம். 2016-இல் வந்த 'ஓவர்குக்ட்'. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் இருவர் சேர்ந்து செய்தது. மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா பரிசுகளில் சிறந்த குடும்ப விளையாட்டு, சிறந்த பிரிட்டிஷ் விளையாட்டு என இரண்டைப் பெற்றது. ஒருவர் வெங்காயம் நறுக்க, ஒருவர் சூப் கொதிக்கவைக்க, ஒருவர் தட்டுக் கழுவ, கலியாண வீட்டுச் சமையற்கட்டுப் போல ஒரே கூச்சல். அடுப்பை மறந்தால் தீப்பிடிக்கும். பரிசு பெற்றதில் வியப்பில்லை. இதைத் தனியாகவும் ஆடலாம் என்று பெட்டியிலேயே இருக்கிறது. எப்படித் தெரியுமா? ஒருத்தியே இரண்டு சமையற்காரர்களை மாற்றி மாற்றி இயக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் இவர், மீண்டும் அழுத்தினால் அவர். கூச்சலும் இல்லை, சிரிப்பும் இல்லை. யார் மேலும் பழிபோட வழியும் இல்லை. விரல் பயிற்சியாக அது ஒரு தனிச் சுவை என்பாரும் உண்டு. ஆனால் பரிசு வாங்கிய சுவை அதுவன்று. "தனியாகவும் ஆடலாம்" என்பதில் உள்ள 'உம்' எத்தனை பெரிய வேலை செய்கிறது, பாருங்கள்.

இதைவிட, ஸ்வீடன் நாட்டு ஹேஸ்லைட் நிறுவனத்தார் செய்ததையே நாங்கள் மெச்சுவோம். அவர்களுடைய 'இட் டேக்ஸ் டூ' 2021-இல் வெளிவந்து அந்த ஆண்டின் மிகச் சிறந்த விளையாட்டு என்ற 'கேம் அவார்ட்ஸ்' விருதைப் பெற்றது. அதைத் தனியே ஆட வழியே இல்லை. பெயரிலேயே இருவர் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் வாங்கினால் இன்னொருவர் பணம் கொடுக்காமலே சேர்ந்துகொள்ளவும் வகை செய்தார்கள். இங்கே யாரும் ஏமாற இடமில்லை. ஆயினும், ஆண்டின் தலைசிறந்த விளையாட்டு தனித்திருப்பவருக்கு முற்றிலும் பயனற்றதாக இருக்க முடியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வெளிவந்தபின் ஆட்டத்தையே மாற்றுவதும் இப்போது சாதாரணமாகிவிட்டது. 'எல்டன் ரிங்' என்ற ஜப்பானிய ஆட்டத்தை 2022 முதல் பலரும் தனியாகவே ஆடி வந்தனர். அதன் வழியில் 2025 மே 30-ஆம் தேதி வந்த 'நைட்ரெயின்' மூவர் அணிக்கென்று அமைக்கப்பட்டது. ஒருவராகவும் போகலாம், ஆனால் விழுந்தால் தூக்கிவிட ஆள் கிடையாது. தனியாட்டக்காரர்களின் முறையீடு பலமாக இருந்தது. சில நாட்களுக்குள்ளேயே, தனியே போகிறவர் வீழ்ந்தால் இரவுத் தலைவனோடு நடக்கும் போரில் ஒருமுறை தானே எழுந்துகொள்ளும்படி திருத்தம் செய்தார்கள். இருவர் மட்டும் ஆடும் வழி ஜூலை மாதக் கடைசியில்தான் வந்தது; முதலில் அது கவனத்தில் வராமலே போய்விட்டதென்று இயக்குநரே பேட்டியில் ஒப்புக்கொண்டார். மே மாதத்தில் எழுதிய விமரிசனத்தை ஆகஸ்டில் படிக்கிறவர் தேதியைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

அப்படியானால் விமரிசனமே படிக்க வேண்டாமா? படிக்க வேண்டும், எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் படிக்க வேண்டும். விமரிசகர் "நாங்கள்" என்று எழுதுகிறாரா, "நான்" என்று எழுதுகிறாரா என்பதை முதலில் பாருங்கள். "நண்பர்களோடு ஆடியபோது விழுந்து விழுந்து சிரித்தோம்" என்ற வரி வந்தால், சிரிக்கவைத்தது ஆட்டமா, நண்பர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல விமரிசகர்கள் தனியாகவும் ஆடிப் பார்த்து அதற்கென்று ஒரு பத்தி எழுதுவார்கள். அந்தப் பத்தியே நமக்குரிய விமரிசனம். பெட்டியின் பின்புறம் எத்தனை பேர் ஆடலாம், இண்டர்நெட் கட்டாயமா என்று சிறிய எழுத்தில் இருக்கும். பெற்றோர் மருந்துப் பாட்டிலில் தேதி பார்ப்பதுபோல் அதைப் பார்த்து வாங்கலாம். கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற கடையில் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் தனியாட்டமா, கூட்டாட்டமா என்று குறித்திருக்கிறார்கள். வாங்கியவர் எழுதும் கருத்தின் மேலே அவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் தெரியும். 2015 முதல் அங்கே இன்னொரு வசதியும் உண்டு. வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே வாங்கிய அன்றே, தோழிகளைக் கூட்டிக்கொள்ளாமல், தனியாக ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்துவிடுவது நல்லது. வட்டாக வாங்கினால் இந்த வசதி பெரும்பாலும் இல்லை.

எவ்வளவு கவனமாகப் படித்தாலும் விமரிசனத்தில் அகப்படாத ஒன்று உண்டு. யுபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2014 டிசம்பரில் 'தி குரூ' என்னும் கார் பந்தய ஆட்டத்தை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சிறிதாக்கி, ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஓட்டிப் போகும்படி செய்திருந்தார்கள். கதையைத் தனியே ஓட்டி முடிக்கலாம். யாரோடும் போட்டியிடாமல் மலைச்சாலையில் சும்மா ஓட்டிக்கொண்டும் இருக்கலாம். ஆனால் சர்வர் இணைப்பு இல்லாமல் வண்டி கிளம்பாது. பத்திரிகைகள் வழக்கம்போல் எழுதின, வழக்கம்போல் மார்க் போட்டன. 2023 டிசம்பரில் அது விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. 2024 மார்ச் 31-ஆம் தேதி நிறுவனம் சர்வரை மூடியது. அதோடு, காசு கொடுத்து வாங்கிய வட்டைக் கையில் வைத்திருந்தவர்கள்கூட, நிறுவனம் விற்ற வடிவில் அதைத் தனியாகவும் ஆட முடியாமல் போயிற்று. இதைக் கண்டித்து எழுந்த இயக்கம் ஐரோப்பிய நாடுகளில் கையெழுத்து வேட்டை நடத்தியது. விற்ற ஆட்டத்தைக் கைவிடும்போது, வாங்கியவர் தொடர்ந்து ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. 2025 ஜூலையில் கையெழுத்துகள் பத்து லட்சத்தைத் தாண்டின.